பெயரை நீக்கிவிட்டால் போதுமா?

தரவு என்பது எல்லோருக்கும் பொது. ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு அவர் பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டால், அந்தத் தரவை யார் எதற்குப் பயன்படுத்தினாலும் அவருக்கு ஒரு குறையும் வராது. பழங்குடி மக்களின் ரத்தம், மொழி, நோய்க் கணக்கு, மூலிகை அறிவு எதுவானாலும் இதே விதிதான். ‘எங்களைப் பற்றிய தரவின் மீது எங்களுக்கு அதிகாரம் வேண்டும்’ என்று அவர்கள் கேட்பது அறிவியலுக்குப் போடும் முட்டுக்கட்டை. கடைசியில் அதனால் நஷ்டப்படப் போவதும் அவர்கள்தான். ஆய்வுக்கூடங்களிலும் தொழில்நுட்ப நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் இன்று இந்தக் கருத்துதான் செல்வாக்கோடு இருக்கிறது. பழங்குடிகள் மேல் உண்மையான அக்கறை உள்ள பலரும் இதை நம்புகிறார்கள். இது அடிப்படையிலேயே பிழையான கருத்து.

அலட்சியமாக ஒதுக்கிவிடக்கூடிய கருத்தும் இல்லை. 1996இல் பெர்முடாவில் கூடிய விஞ்ஞானிகள், மனித மரபணுத் தொகுதியில் படித்தறிந்த பகுதிகளை 24 மணி நேரத்துக்குள் உலகம் முழுவதற்கும் வெளியிடுவது என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவு இல்லாவிட்டால் நம் உடலைப் பற்றிய அடிப்படைத் தகவலில் பெரும்பகுதி தனியார் பெட்டகங்களுக்குள் போயிருக்கும். 2020 ஜனவரியில் கொரோனா வைரஸின் மரபணு வரிசை வெளியானதும் சில நாட்களிலேயே தடுப்பூசி வேலை தொடங்கிவிட்டது. திறந்த தரவின் இந்தப் பயன்களில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வைரஸின் வரிசையில் யாருடைய முன்னோர் கதையும் இல்லை, யாருடைய நிலவுரிமையும் இல்லை. ஒரு மக்கள் கூட்டத்திடமிருந்து எடுத்த தரவில் இரண்டும் இருக்கின்றன. இந்த வித்தியாசத்தைப் பார்க்க மறுப்பதிலிருந்துதான் பிழை தொடங்குகிறது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்கின் அடியில் சுபாய் என்றொரு கிராமம் இருக்கிறது. ஹவசுபாய் மக்களின் ஊர் அது. அந்த இனத்தில் மொத்தமே ஏறக்குறைய 650 பேர்தான். ஊருக்குச் சாலை கிடையாது. மேட்டிலிருந்து எட்டு மைல் நடந்து இறங்க வேண்டும், அல்லது குதிரையிலோ ஹெலிகாப்டரிலோ வர வேண்டும். தபால்கூடக் கோவேறு கழுதை முதுகில்தான் வருகிறது. 1980களின் முடிவில் அந்தச் சின்ன ஊரைச் சர்க்கரை நோய் வாட்டி எடுத்துக்கொண்டிருந்தது. கால் எடுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். டயாலிசிஸ் செய்துகொள்வதற்காகப் பள்ளத்தாக்கை விட்டே போக வேண்டியிருந்தவர்களும் இருந்தார்கள். தங்களோடு பல ஆண்டுகள் பழகியிருந்த ஒரு மானுடவியலாளரிடம் அவர்கள் உதவி கேட்டார்கள். அவர் வேலை பார்த்த அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மரபியல் ஆய்வாளர் வந்தார். 1990 முதல் 1994 வரை ரத்தம் எடுத்தார்கள்.

ரத்தம் அந்த மக்களுக்குப் புனிதமானது. சாகும்வரை உடலோடு இருக்க வேண்டியது. நோய்க்கு விடை கிடைக்கும், பிள்ளைகளாவது பிழைப்பார்கள் என்பதற்காகத்தான் கையை நீட்டினார்கள். அவர்கள் கையெழுத்திட்ட படிவத்திலோ, நடத்தை மற்றும் மருத்துவக் கோளாறுகளின் காரணங்களை ஆராய்வதற்கு என்று மிகப் பரந்த ஒரு வாசகம் இருந்தது. கையெழுத்திட்டவர்களில் பலர் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள். பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. சர்க்கரை நோய்க்கும் மரபணுவுக்கும் தேடிய தொடர்பு கிடைக்கவில்லை. ஆனால் ரத்தம் உறைபெட்டியில் இருந்தது. அதை வைத்து மனச்சிதைவு நோய் பற்றி ஆராய்ந்தார்கள். நெருங்கிய உறவுக்குள் மணம் செய்துகொள்வது பற்றி ஆராய்ந்தார்கள். இவர்களின் முன்னோர் ஆசியாவிலிருந்து பேரிங் நீரிணை வழியாக வந்தவர்கள் என்ற கருத்தை வலுப்படுத்தும் ஆய்வுகளுக்கும் பயன்படுத்தினார்கள்.

இது வெளியே வந்த விதம் எனக்கு முக்கியமாகப்படுகிறது. 2003இல் கார்லெட்டா டிலூசி என்ற ஹவசுபாய்ப் பெண் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வுரையைக் கேட்கப் போயிருந்தார். அவரும் ரத்தம் கொடுத்தவர். மேடையில் ஒரு மாணவர் ஹவசுபாய் மக்களின் ரத்தத்தை வைத்துக் கண்ட முடிவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். டிலூசி எழுந்து கேட்டார்: இந்த ரத்தத்தைப் பயன்படுத்த அனுமதி வாங்கினீர்களா? அந்த அரங்கில் அதற்குப் பதில் இல்லை. அவர் ஒருவேளை அன்று போகாமல் இருந்திருந்தால் இன்றுவரை அந்த ஊருக்கு இது தெரியாமலே போயிருக்கலாம். 2004இல் வழக்கு தொடுத்தார்கள். 2010 ஏப்ரலில்தான் சமரசம் ஏற்பட்டது: 41 பேருக்கு 7,00,000 டாலர், மீதமிருந்த ரத்த மாதிரிகளைத் திருப்பித் தருவது. பல்கலைக்கழகத்துக்குப் போன ஹவசுபாய்க் குழு அந்த உறைபெட்டியின் முன்னால் நின்று அழுதது, பாடியது. இறந்துபோன உறவினர்களின் ரத்தமும் அதற்குள் இருந்தது.

‘சரி, இதில் யாருக்கு என்ன சேதம்?’ என்று இப்போதும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கட்டுரைகளில் ஒருவர் பெயரும் இல்லையே என்கிறார்கள். உண்மைதான். தனி ஆளின் பெயரை நீக்கினார்கள், இனத்தின் பெயரை நீக்கவில்லை, நீக்கவும் முடியாது. அதை நீக்கிவிட்டால் அந்தத் தரவுக்கு அறிவியல் மதிப்பே கிடையாது. ஒதுங்கி வாழும் சிறு மக்கள்தொகை, தலைமுறை தலைமுறையாக ஒரே இடம் என்பதற்காகத்தான் மரபியல் ஆய்வாளர்கள் பழங்குடிகளைத் தேடி வருகிறார்கள். தரவின் மதிப்பு முழுவதும் குழுவின் அடையாளத்தில் இருக்கிறது. பாதுகாப்பு முழுவதும் தனி ஆளின் பெயருக்குத் தரப்படுகிறது. 650 பேர் உள்ள இனத்தில் இன்ன மனநோய், இன்ன மணமுறை என்று எழுதினால், பெயர் போடாததால் யார் காப்பாற்றப்படுகிறார்கள்? அந்த ஊரில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் அந்த வரிக்குள் இருக்கிறது.

இடப்பெயர்வு ஆய்வின் விஷயம் இன்னும் கூர்மையானது. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள், அதன் காவலர்கள் என்பது ஹவசுபாய் மக்களின் நம்பிக்கை. 1882இல் அமெரிக்க அரசு அவர்களை 518 ஏக்கருக்குள் முடக்கியது. பீடபூமியில் இருந்த அவர்களின் வேட்டை நிலமெல்லாம் பறிபோனது. பல பத்தாண்டுகள் போராடி 1975இல்தான் ஏறத்தாழ 1,85,000 ஏக்கரைத் திரும்பப் பெற்றார்கள். இந்த மண்ணோடு எங்களுக்குள்ள தொடர்பே எங்கள் உரிமைக்கு ஆதாரம் என்று சொல்லி நிற்கும் மக்களிடம், நீங்களும் வந்தேறிகள்தான் என்று அவர்கள் ரத்தத்தை வைத்தே எழுதுகிறார்கள். அறிவியல் ரீதியாக அந்த முடிவு சரியாகவே இருக்கட்டும். சர்க்கரை நோய்க்கு என்று சொல்லி வாங்கிய ரத்தத்தில் அதைத் தேட யாருக்கு உரிமை இருந்தது என்பதுதான் கேள்வி. உண்மையைத் தேடுகிறேன் என்று சொல்கிறவர் அதைத் தேடும் வழியிலும் உண்மையாக இருக்க வேண்டாமா?

இதை ஒரு தனிப்பட்ட விபத்து என்று தள்ளவும் முடியாது. கனடாவின் வான்கூவர் தீவில் நூ-சா-நுல்த் மக்கள் 1980களின் முற்பகுதியில் மூட்டுவாத ஆய்வுக்காக 883 பேரின் ரத்தத்தைக் கொடுத்தார்கள். அதை எடுத்த ஆய்வாளர் வேலை மாறிய இடமெல்லாம், அமெரிக்காவின் யூட்டா வரைக்கும் பிறகு இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு வரைக்கும், ரத்தமும் கூடவே போனது. மூதாதையர் வழியை ஆராயும் கட்டுரைகள் அதிலிருந்து வந்தன. அவர் இறந்த பிறகு, 2004இல்தான் மாதிரிகள் ஊர் திரும்பின.

பெயரில்லாத எண்களே ஒரு ஊரை என்ன செய்யும் என்பதற்கு அலாஸ்காவின் பாரோ நகரம் சாட்சி. இன்று அதன் பெயர் உட்கியாக்விக். 1979இல் அங்கே இன்யூப்பியாட் மக்களிடையே குடிப்பழக்கம் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. ஒரு சிறு பகுதியினரிடம் கேள்வித்தாள் வைத்துக் கணக்கெடுத்தார்கள். ஊர்க்காரர்களோடு முடிவுகளைப் பேசித் தெளிவதற்கு முன்பே ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, கிழக்குக் கரையில் பத்திரிகையாளர்களுக்கு அறிவித்தார்கள். இன்யூப்பியாட் சமூகமே குடியில் மூழ்கி அழிகிறது என்று 1980 ஜனவரியில் நாடு முழுவதும் செய்தி பரவியது. அந்த நகரத்தின் கடன் பத்திரங்களின் தரமதிப்பீடுகூட இறங்கியது. ஒருவர் பெயரும் வெளியாகவில்லை. தனியுரிமைச் சட்டம் எதுவும் மீறப்படவில்லை. ஊரே தலைகுனிந்தது.

தனி ஆள் எதுவும் செய்யாதபோதும் குழுவின் பெயராலேயே கணக்கு தீர்க்கப்படும் என்பதைத் தமிழ்நாட்டுக்கு யாரும் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் தென் மாவட்டங்களில் ரேகைச் சட்டம் என்றே பேசப்பட்டது. குற்றம் செய்தவரா இல்லையா என்று பார்க்கவில்லை. இன்ன சாதியில் பிறந்தவர் என்றால் கைரேகை வைக்க வேண்டும். மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்து நின்ற மக்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழங்குடி மக்கள் தங்களைப் பற்றிய பதிவேடுகளைச் சந்தேகத்தோடு பார்ப்பதை அறியாமை என்று சொல்கிறவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

நீலகிரியிலும் ஒன்று நடந்தது. 1902இல் தோடர்களிடையே தங்கி ஆராய்ந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூல் மானுடவியலில் ஒரு மைல்கல். அதில் அவரே ஒரு விஷயத்தைப் பதிவுசெய்திருக்கிறார். புனிதமான சங்கதிகளை அவரிடம் வெளிப்படுத்தியவர்களின் வீடுகளில் நோயும் சாவும் வந்தன. சொல்லக்கூடாததைச் சொன்னதால் தெய்வங்கள் கோபித்துக்கொண்டதாகத் தோடர்கள் நம்பினார்கள். அதற்குப் பிறகு அவரிடம் பேசப் பலரும் தயங்கினார்கள். நூல் வந்தது, ரகசியங்களும் அச்சேறின. ரிவர்ஸ் நேர்மையானவர், அதனால்தான் இதை எழுதினார். ஆனால் தெரிந்துகொள்வதற்கு உரியது எது, வெளியே சொல்லத் தகாதது எது என்று முடிவு செய்யும் அதிகாரம் தோடர்களிடம் இல்லை என்பதை அவர் காலத்தில் யாரும் ஒரு கேள்வியாகவே நினைக்கவில்லை. நூற்றிருபது ஆண்டுகள் ஆகியும் நாம் அதே இடத்தில் நிற்பதுதான் எனக்கு வேதனை.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். ‘சமூகத்துக்கு அதிகாரம் என்கிறீர்களே, சமூகம் சார்பில் பேசுவது யார்? தலைவர் என்று சொல்லிக்கொள்ளும் நாலு ஆண்கள் கையெழுத்துப் போட்டால் ஊர் முழுவதும் சம்மதித்ததாகுமா? பெண்கள், இளைஞர்கள், வெளியூர் போய்விட்டவர்கள் என்ன ஆவார்கள்?’ நியாயமான கேள்வி. இதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1987இல் அகத்தியமலைக் காடுகளில் காணிப் பழங்குடியினர் களைப்புத் தெரியாமல் நடப்பதற்காகச் சாப்பிடும் ஆரோக்கியபச்சைக் காய் விஞ்ஞானிகளுக்குத் தெரியவந்தது. அதிலிருந்து திருவனந்தபுரம் அருகே உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வகம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோவையைச் சேர்ந்த ஆயுர்வேத நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் வழங்கியது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், ராயல்டி 2 சதவீதம். இரண்டிலும் பாதி காணிகளுக்கு. 1997இல் அதற்கென அறக்கட்டளை அமைந்தது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகமே பாராட்டியது.

ஆனால் அந்தச் செடியைக் காட்டியவர்கள் வழிகாட்டிகளாகப் போன சில இளைஞர்கள். மருத்துவம் தெரிந்த மூத்தவர்கள் பலரும் மற்ற ஊர்க் காணிகளும் தங்களை யாரும் கேட்கவில்லை என்று எதிர்த்தார்கள். மலையின் இந்தப் பக்கம், பாபநாசத்துக்கு மேலே வாழும் தமிழ்நாட்டுக் காணிகள் அந்த ஏற்பாட்டிலேயே இல்லை. அதே மலை, அதே மக்கள், அதே செடி. நடுவில் மாநில எல்லை. செடியை வளர்த்து விற்பதற்கு வனத்துறையும் இடையூறாக நின்றது. எதிர்த்தரப்பு இதைக் காட்டி, ‘பார்த்தீர்களா, சமூக ஒப்புதல் நடைமுறைக்கு ஒத்துவராது’ என்கிறது. எனக்கு இது நேர் எதிரானதையே சொல்கிறது. அங்கே பணம் முடிவுசெய்யப்பட்ட பிறகு பங்கு பேசப்பட்டது. பேசுவதற்கு முன்பே அறிவு கைமாறிவிட்டது. முதலில் ஊர் ஊராகப் போய்க் கேட்டிருந்தால் யாருக்கு எந்த அறிவு சொந்தம், அதை யார் சொல்லலாம் என்ற வழக்காறு தெரிந்திருக்கும். சமூகத்துக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதற்காக முடிவை ஆய்வகத்தின் கையில் கொடுப்பது எந்த ஜனநாயகத்தில் சேர்த்தி? நாடாளுமன்றத்திலும் சண்டை நடக்கிறது. அதனால் சட்டம் இயற்றும் வேலையை நாம் வெளிநாட்டுக்கு விட்டுவிடுவதில்லை.

முறைகள் இல்லாமலும் இல்லை. கனடாவின் முதல் குடிகள் 1998இலேயே தரவின் உடைமை, கட்டுப்பாடு, அணுக்கம், வைப்பு நான்கும் தங்களிடம் என்று கோட்பாடு வகுத்து, தங்கள் உடல்நலக் கணக்கெடுப்பைத் தாங்களே நடத்துகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தங்களுக்கென ஓர் ஆய்வு நெறிமுறையை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் நவாஹோ தேசத்துக்குச் சொந்த ஆய்வு மறுசீராய்வுக் குழு இருக்கிறது. அவர்கள் 2002இல் மரபணு ஆய்வுகளையே நிறுத்திவைத்தார்கள். அறிவியலுக்கு நஷ்டம் என்று புலம்புகிறவர்கள் இந்தக் கடைசி நிகழ்வை யோசிக்க வேண்டும். நம்பிக்கை உடைந்த பிறகுதான் கதவு மூடப்பட்டது.

அதிகாரம் மக்களிடம் இருந்தால் அறிவு வளராது என்பதற்கு மறுப்பு நியூசிலாந்தின் வடகோடியில், கைட்டாயா என்ற சிற்றூரில் இருக்கிறது. தெ ஹிக்கு மீடியா என்ற மாவோரி வானொலி நிலையம் 2018இல் தன் மக்களை அழைத்தது: மாவோரி மொழியில் இந்த வாக்கியங்களைப் படித்துப் பதிவுசெய்து கொடுங்கள், கணினிக்கு நம் பேச்சைப் புரியவைக்கலாம். பத்தே நாட்களில் ஏறக்குறைய 2,500 பேர் 300 மணி நேரத்துக்கு மேல் பேசிக் கொடுத்தார்கள். பெரிய நிறுவனங்கள் கோடிகளைக் கொட்டினாலும் இவ்வளவு சிறிய மொழிக்கு இப்படிச் சுத்தமான தரவு கிடைத்திருக்காது. தங்கள் குரல் எங்கே இருக்கும், யார் அதைப் பாதுகாப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை விலைக்கு வாங்க வெளியிலிருந்து ஆட்கள் வந்தபோது நிலையம் மறுத்தது. பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசியதற்காகப் பாட்டன்மார் அடி வாங்கினார்கள். அந்த மொழியை இன்று எங்களிடமே ஒரு சேவையாக விற்பதற்கா கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் வாதம். 2022இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சுணர் மாதிரியின் பயிற்சித் தரவில் 1,381 மணி நேர மாவோரி ஒலிப்பதிவு இணையத்திலிருந்து அள்ளிச் சேர்க்கப்பட்டிருந்தது. எந்த மாவோரி அமைப்பு அதற்கு ஒப்புதல் கொடுத்தது?

அதே நாட்டில் 2021இல் நடந்தது இன்னும் ஒரு படி மேலே. கொரோனா தடுப்பூசி போடாத மாவோரி மக்களின் விவரங்களைக் கேட்டு, வீடு வீடாகப் போய்ப் போடுகிறோம் என்றது மாவோரி நல அமைப்பான வானாவ் ஓரா ஆணையம். சுகாதார அமைச்சகம் தர மறுத்தது. உயர் நீதிமன்றம் இருமுறை தலையிட்டு, முடிவை மறுபரிசீலனை செ‌ய் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. பழங்குடிகள் தரவைப் பூட்டி வைக்கிறார்கள் என்று குற்றம் சொல்கிறோம். நோய் பரவும் நேரத்தில் பூட்டி வைத்தது அரசு, திறக்கச் சொல்லி நீதிமன்றம் போனது அந்த மக்கள். பகிர்வதா வேண்டாமா என்பதில் அல்ல, யார் முடிவு செய்வது என்பதில்தான் வழக்கு எப்போதும் இருக்கிறது.

இந்தியாவில் இது நாளைய பிரச்சினை இல்லை. 10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதித் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஃபரிதாபாத் தரவு மையத்தில் இருக்கும் அதில் பல பழங்குடி இனங்களும் அடக்கம். நம் மருத்துவத்துக்கு அந்தத் தரவு அவசியம் தேவை. ஆனால் நாளை ஒருவர் அதிலிருந்து ஓர் இனத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதினால் அந்த இனத்துக்கு என்ன வழி? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பெயர் சொல்வதுபோலவே, தனிநபரைத் தாண்டி எதையும் பார்ப்பதில்லை. ஆய்வுக்கும் புள்ளியியலுக்கும் அதில் விலக்கும் உண்டு: குறிப்பிட்ட ஒரு நபரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தாதவரை, வகுக்கப்பட்ட தரநிலைகளின்படி நடந்தால், சட்டம் பொருந்தாது. ஹவசுபாய்க்கு நடந்ததும் பாரோவுக்கு நடந்ததும் அந்த விலக்குக்குள் கச்சிதமாக அடங்கிவிடும்.

சட்டத்துக்கு வழி தெரியாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், உயிர்ப்பன்மையும் பண்பாட்டுப் பன்மையும் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கே அறிவுசார் உரிமை உண்டு என்று எழுதி வைத்திருக்கிறது. கிராம சபையை முடிவெடுக்கும் இடமாக ஏற்றிருக்கிறது. காட்டுக்கு உள்ள கிராம சபை ரத்தத்துக்கும் குரலுக்கும் ஏன் இருக்கக்கூடாது? ஓர் இனத்தின் பெயரைச் சுமந்து நிற்கும் எந்தத் தரவையும் புதிய நோக்கத்துக்குப் பயன்படுத்தும் முன் அந்த மக்களிடம் மறுபடி கேட்க வேண்டும். முடிவுகள் இதழில் வருவதற்கு முன் அவர்கள் மொழியில் அவர்கள் ஊரில் சொல்லப்பட வேண்டும். வேண்டாம் என்றால் திரும்பத் தர வேண்டும். யாருக்குத் தரவு கொடுக்கலாம் என்று தீர்மானிக்கும் குழுக்களில், பார்வையாளராக அல்லாமல் வாக்குரிமையோடு, இருளரும் காணியும் தோடரும் உட்கார வேண்டும். 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆய்வு விலக்கு பழங்குடித் தரவுக்குப் பொருந்தாது என்று நாடாளுமன்றம் திருத்த வேண்டும்.